வியாழனன்று வாசிக்கும் ஞாயிறு வாசகங்கள்

கத்தோலிக்கக் கோயிலின் ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் தொடங்கி நற்செய்தி வாசித்து முடிய ஆகும் நேரம் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள்தான். அதற்குள் ஓர் இறைவாக்கினர் தம் காலத்து மக்களைக் கடிந்துகொள்கிறார், ஒரு திருப்பாடல் பாடப்படுகிறது, பவுல் நாம் பார்த்திராத ஒரு நகரத்துச் சபையாரோடு வாதாடுகிறார், இயேசு ஓர் உவமையைச் சொல்லி முடிக்கிறார். இடையில் பின்வரிசையில் ஒரு குழந்தை அழுகிறது. தாமதமாக வந்தவருக்கு இடம்விட்டு நாம் நகர்ந்து உட்காருகிறோம். மின்விசிறிச் சத்தத்தில் வாசகரின் குரல் பாதி அமுங்கிப்போகிறது. இப்படிக் கேட்டுவிட்டு வெளியே வருகிறவரிடம், இரண்டாம் வாசகம் எந்தத் திருமுகத்திலிருந்து வந்தது என்று கேட்டால் அவர் விழிப்பதில் வியப்பில்லை. பக்திக் குறைவு என்று அதைச் சொல்ல மாட்டேன். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளும் அதற்கு மேலும் பழைமையான எழுத்தை ஒரே தடவை காதால் கேட்டு உள்வாங்கிவிட எவராலும் முடியாது.

நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மலையைவிட்டு இறங்கிச் சேலத்தில் சூரமங்கலத்தை ஒட்டிய பகுதியில் குடியேறியபோது, இங்குள்ள அன்பியத்தார் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவினர்) வியாழக்கிழமை மாலைகளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, வரப்போகும் ஞாயிறின் வாசகங்களை வாசிப்பதைக் கண்டு நானும் சேர்ந்துகொண்டேன். விவிலியத்தை முறையாகக் கற்றவர்கள் எங்களில் யாரும் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப்பட்டறை வேலைக்குப் போகிறவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர், கல்லூரியில் படிக்கும் இரண்டு மூன்று பெண்கள், வீட்டு வேலைகளை முடித்துவிட்டு ஓடிவரும் தாய்மார்கள் என்று கலவையான கூட்டம். பங்குத்தந்தை எப்போதாவது வந்து ஓரமாக உட்காருவார். இந்த வாசிப்பில் நாங்கள் பட்டறிந்தவற்றில் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடியவை என்று தோன்றுபவற்றை எழுதுகிறேன். அவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: வாசகம் எனக்கு என்ன சொல்கிறது என்ற கேள்வியை எவ்வளவு நேரம் தள்ளிப்போட முடிகிறதோ அவ்வளவும் நல்லது, அதற்கு முன், வாசகத்தில் யார் என்ன செய்கிறார், யார் பேசாமல் இருக்கிறார் என்பதைப் பொறுமையாகப் பார்த்துவிட வேண்டும்.

வாசகங்கள் எப்படித் தொகுக்கப்பட்டுள்ளன என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. அது தெரியாததால்தான் பலர் தொடக்கத்திலேயே குழம்பிப் பின்வாங்குகிறார்கள். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டில், விவிலியத்தின் கருவூலங்களை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டது. அதன்படி 1969இல் வாசகங்களின் புதிய ஒழுங்கு உருவாகி, அவ்வாண்டுத் திருவருகைக் காலத்தின் (கிறிஸ்துமஸுக்கு ஆயத்தம் செய்யும் வாரங்கள்) முதல் ஞாயிறிலிருந்து நடைமுறைக்கு வரத் தொடங்கியது. அதற்கு முன்பு ஒரே ஆண்டுச் சுற்றுதான். ஞாயிறுகளில் பழைய ஏற்பாட்டிலிருந்து வாசிப்பதே அரிது, வாசித்ததும் இலத்தீனில். சேலம் மறைமாவட்டம் உருவான 1930இல் சிறுமியாக இருந்த என் பாட்டி, அந்தக் காலத்துப் பூசையைப் பற்றிக் கேட்டால், சாமியார் பீடத்தைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார், நாங்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருப்போம் என்பார். அந்தத் தலைமுறைக்குக் கிடைக்காத விருந்து இப்போது மூன்று ஆண்டுச் சுற்றாக நம் முன்னால் விரிந்திருக்கிறது.

எந்த ஆண்டு யாருடைய நற்செய்தி என்பதை மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். ஆண்டை மூன்றால் வகுத்து மீதி 1 வந்தால் முதல் ஆண்டு, மத்தேயு. மீதி 2 வந்தால் இரண்டாம் ஆண்டு, மாற்கு. மீதியின்றி வகுபட்டால் மூன்றாம் ஆண்டு, லூக்கா. 2026ஐ வகுத்தால் மீதி 1, எனவே அது மத்தேயுவின் ஆண்டு. திருவழிபாட்டு ஆண்டு திருவருகைக் காலத்தோடு, அதாவது நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ தொடங்கிவிடுவதால், அந்த ஞாயிறிலிருந்தே அடுத்த ஆண்டின் எண்ணை வைத்துக் கணக்கிட வேண்டும். யோவானுக்குத் தனி ஆண்டு இல்லை. தவக்காலத்திலும் பாஸ்கா (உயிர்ப்பு) காலத்திலும் அவர் அதிகமாக வருவார், மாற்கு சிறிய நூல் என்பதால் இரண்டாம் ஆண்டின் நடுவிலும் ஐந்து ஞாயிறுகள் வருவார்.

பொதுக்காலத்தில், அதாவது இத்தகைய சிறப்புக் காலங்களில் சேராத வாரங்களில், முதல் வாசகம் அன்றைய நற்செய்திக்கு ஏற்றதாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. பதிலுரைப் பாடல் அந்த முதல் வாசகத்துக்கு மறுமொழியாக அமைகிறது. இரண்டாம் வாசகமோ தன் வழியில் தனியே போகிறது. முதல் ஆண்டில் 9ஆம் ஞாயிறு முதல் 24ஆம் ஞாயிறு வரை உரோமையருக்கு எழுதிய திருமுகம் தொடர்ச்சியாக வரும். அன்றைய நற்செய்திக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டிய அவசியமில்லை. இது தெரியாமல் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டப் பார்த்து மூளையைக் கசக்கிக்கொள்கிறவர்களைப் பல பங்குகளில் பார்த்திருக்கிறேன். திருவருகை, தவக்காலம், பெருவிழாக்கள் ஆகியவற்றில் மட்டும் மூன்றும் கைகோத்து நிற்கும். எனவே பொதுக்காலத்தில் இரண்டாம் வாசகத்தைச் சென்ற வாரப் பகுதியோடு சேர்த்து, ஒரு கடிதத்தின் அடுத்த பக்கமாகவே வாசிக்கிறோம்.

நாங்கள் வாசிக்கும் வரிசை திருப்பலியின் வரிசை அன்று. முதலில் நற்செய்தி, பிறகு முதல் வாசகம், பிறகு பதிலுரைப் பாடல், நேரமிருந்தால் இரண்டாம் வாசகம். நற்செய்தியைக் கேட்டுவிட்டு முதல் வாசகத்துக்குப் போனால், இதை ஏன் இதனோடு சேர்த்து வைத்தார்கள் என்ற கேள்வி தானாக எழுகிறது. அந்தக் கேள்வி எழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கைப்பேசியில் அன்றைய வாசகம் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டு வருவதால், கட்டாயம் ஒருவராவது முழுத் திருவிவிலியத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. வாசக நூலில் ‘அக்காலத்தில்’ என்று தொடங்கும் பகுதிக்கு முன்னால் நூலில் என்ன இருக்கிறது, முடிந்த பிறகு என்ன வருகிறது என்பதை அவர் பார்த்துச் சொல்வார்.

இதன் பலன் எனக்கு முழுமையாகத் தெரிந்தது 2023 செப்டம்பரில், பொதுக்காலத்தின் 25ஆம் ஞாயிறுக்காகக் கூடியபோதுதான். மத்தேயு 20ஆம் அதிகாரம், திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமை. விடியற்காலையில் வந்தவருக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் ஒரே கூலி. ஆண்டுக்கணக்கில் காலை மஸ்டர் (ஆள் வருகைக் கணக்கு) எடுத்து, யார் முழுநாள், யார் அரைநாள் என்று பதிந்து, பழம் பறிக்கும் பருவத்தில் மாலையில் சாக்குகளை நிறுத்து ஆளுக்கு எத்தனை கிலோ என்று நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்த என்னைப் போன்றவனுக்கு இந்த உவமை ஒரு தொழில்முறைத் தொந்தரவு. இப்படி ஒரு நாள் கூலி போட்டால் மறுநாள் காலை எந்தத் தோட்டத்திலும் ஆள் நிற்காது. எல்லாரும் மாலையில்தான் வருவார்கள். அன்று அதையே நான் சொன்னேன்.

ஏற்காட்டிலிருந்து மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த ஒரு பாட்டியும் அன்று இருந்தார். இளமையெல்லாம் சில்வர் ஓக் நிழலில் காப்பிப் பழம் பறித்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. வாசித்ததைக் கேட்டுக்கொண்டிருந்தவர், “ரைட்டரய்யா, அந்த அஞ்சு மணி ஆளுங்க எங்க நின்னாங்கன்னு மறுபடி படிக்கச் சொல்லுங்க” என்றார். படித்தோம். சந்தை வெளியில் நின்றார்கள். ஏன் நாள் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள் என்று உரிமையாளர் கேட்டதற்கு, எங்களை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்றார்கள். “அப்ப அவங்க வீட்ல தூங்கிட்டு அஞ்சு மணிக்கு வரலியே. காலையில இருந்து நின்னுருக்காங்க. வேலை செய்யறத விட அதுதாங்கய்யா கஷ்டம். பொழுது ஏற ஏற, இன்னிக்கு அடுப்பு எரியாதுன்னு தெரிஞ்சுபோகும்” என்றார். அதன் பிறகு சிறிது நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. சேலத்தில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் காலையில் தூக்குவாளியோடு கூடி நிற்கும் சாலைச் சந்திப்புகளை எல்லாரும் தினமும் கடந்துதான் போகிறோம். ஒன்பது மணிக்கு மேலும் அங்கே நிற்கிறவர்கள் கெட்டிக்காரத்தனமாகத் தாமதித்தவர்கள் என்று எவரும் நினைக்க மாட்டார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், மெலிந்தவர்கள், ஒப்பந்தக்காரர் முதல் பார்வையிலேயே ஒதுக்கிவிட்டவர்கள்.

அதன் பின் ஒவ்வொருவரும் வாசகத்துக்குள் தேடத் தொடங்கினோம். கூலி பேசியது விடியற்காலையில் வந்தவர்களோடு மட்டும்; இடையில் வந்தவர்களுக்கு நேர்மையான கூலி கொடுப்பேன் என்று மட்டும் சொன்னார்; ஐந்து மணிக்கு வந்தவர்களுக்கு அந்த வாக்குறுதிகூட இல்லை, போங்கள் என்றார், போனார்கள். இதைக் கண்டுபிடித்தது கல்லூரிப் பெண். என் கண்ணில் பட்டது வேறு. இந்த உவமையில் ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார், ஆனால் 8ஆம் வசனத்தில், கூலி கொடுக்கும் நேரத்தில்தான் அவர் முதன்முறையாகத் தலைகாட்டுகிறார். விடியற்காலை, ஒன்பது மணி, பன்னிரண்டு, மூன்று, ஐந்து என்று ஐந்து தடவையும் சந்தைவெளிக்குப் போனவர் உரிமையாளரே. எங்கள் மலையில் ஆள் கூப்பிட முதலாளி போனதை நான் பார்த்ததில்லை. அதற்கு மேஸ்திரி இருந்தார். ஆளனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. அன்றன்றைய கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்டம் 24ஆம் அதிகாரம் சொல்வதை ரயில்வேக்காரர் எடுத்துக் காட்டினார். மாலையில் கூலி கொடுக்கும் காட்சிக்கு அதுதான் பின்னணி. கடைசியில் வந்தவர்களுக்கு முதலில் கொடுக்கச் சொன்னதால்தான் சிக்கலே வெடித்தது. வரிசைப்படி கொடுத்திருந்தால் காலையில் வந்தவர்கள் பேசிய கூலியை வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவர்கள் பார்க்க வேண்டும் என்றே அப்படிச் செய்ததுபோல இருக்கிறது. அவர்களுடைய முறையீட்டைக் கவனித்தால், கூலி குறைந்துவிட்டது என்று சொல்லவில்லை, இவர்களை எங்களுக்கு இணையாக்கிவிட்டீர் என்பதே குறை.

விவிலியத்தைக் கையில் வைத்திருந்தவர் மேலே பார்த்துச் சொன்னதும் வாசகத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது. 19ஆம் அதிகாரத்தின் கடைசியில், நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பேதுரு கேட்கிறார். உவமை அந்தக் கேள்வியைத் தொடர்ந்து வருகிறது. உவமை முடிந்து சில வசனங்களுக்குள் செபதேயுவின் மனைவி வந்து தம் மக்களுக்கு வலப்புறமும் இடப்புறமும் இடம் கேட்கிறார். ஆக, காலையிலிருந்து வேலை செய்தவர்கள் யார் என்பது சீடர்களுக்கே சொல்லப்படுகிறது. ஆனால் ஞாயிறு வரிசையில் 24ஆம் ஞாயிறு மத்தேயு 18ஆம் அதிகாரத்தோடு நின்று, 25ஆம் ஞாயிறு நேராக 20ஆம் அதிகாரத்துக்குத் தாவிவிடுவதால், கோயிலில் கேட்பவருக்குப் பேதுருவின் கேள்வி காதில் விழ வாய்ப்பே இல்லை. பிறகு முதல் வாசகத்துக்குப் போனோம்: என் எண்ணங்கள் வேறு, உங்கள் எண்ணங்கள் வேறு என்று எசாயா 55இல் ஆண்டவர் சொல்லும் பகுதி. பதிலுரைப் பாடலின் பல்லவி, தம்மை நோக்கி மன்றாடுவோர்க்கு ஆண்டவர் அண்மையில் இருக்கிறார் என்ற பொருளில் 145ஆம் திருப்பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. ஐந்து தடவை சந்தைவெளிக்கு வந்தவரைப் பார்த்த பிறகு அந்த அண்மைக்கு வேறு விளக்கம் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

அந்த ஞாயிறு மறையுரை வேறு வழியில் போனது. வாழ்வின் இறுதியில் மனம் மாறுகிறவரையும் கடவுள் ஏற்கிறார் என்ற விளக்கம். அது 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருத்தந்தை பெரிய கிரகோரி காலத்திலிருந்தே வழங்கிவரும் பழைய விளக்கந்தான், நாளின் மணிகளை மனித வயதின் பருவங்களாகக் கொள்வது. முன்கூட்டியே வாசித்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு சோதனை இந்த இடத்தில் வரும்: குருவானவர் நாம் கண்டதைச் சொன்னாரா என்று மதிப்பெண் போட மனம் துடிக்கும். அதற்கு இடம் கொடுத்தால் வியாழக்கிழமைக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துவிடும். நாங்கள் கண்டுகொண்ட வழி, வியாழனன்று கிடைத்ததை ஒரு நோட்டில் குறித்து மூடி வைத்துவிட்டு, கோயிலில் வாசகத்தைப் புதிதாகவே கேட்பது. தெரிந்த பகுதி என்பதால் மனம் அலையாமல் நிற்கிறது, அவ்வளவு போதும்.

அன்பியக் கூட்டங்களுக்கென்று தமிழகப் பங்குகளில் பரவலாக வழங்கும் ஏழு படி முறை தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் உருவாக்கியது. ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனத்தைத் தொட்ட சொற்களை மும்முறை உரக்கச் சொல்வது, அமைதி, பகிர்வு, செயல் திட்டம், மன்றாட்டு என்று அது போகும். நல்ல முறை, நாங்களும் அதையே தழுவி நடத்துகிறோம். ஆனால் நடைமுறையில் அமைதிக்கான நான்காம் படி இருமலோடும் கைப்பேசி மணியோடும் அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, ஆறாம் படியில் யார் எந்த நோயாளியைப் பார்க்கப் போவது, கோயில் திருவிழாவுக்கு வரி எவ்வளவு என்ற பேச்சு அரை மணி நேரம் ஓடுகிறது. எனவே எங்கள் கூட்டத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் முடியும்வரை யாரையும் வாய் திறக்கவிடுவதில்லை. முதல் சில வாரங்கள் பெரும் அவதியாக இருந்தது. இப்போது செவிலியர், வாரம் முழுவதிலும் தமக்குக் கிடைக்கும் ஒரே சத்தமில்லாத நேரம் அதுதான் என்கிறார். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: முதல் சுற்றில், நாம் எல்லாரும் இப்படி இருக்க வேண்டும் என்ற வகையிலான வாக்கியம் எவரும் சொல்லக் கூடாது. அதைத் தடுத்துவிட்டால், பேச எதுவும் இல்லையே என்று திகைத்துப்போய் வேறு வழியின்றி மக்கள் வாசகத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள். திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2010இல் வெளியிட்ட ‘ஆண்டவரின் வார்த்தை’ என்ற ஏட்டில் இறைவாக்கு வாசிப்பின் படிகளை விளக்கும்போது, முதற்படியில் கேட்க வேண்டியதாகச் சொல்வது விவிலியப் பகுதி தன்னளவில் என்ன சொல்கிறது என்பதைத்தான். அந்தப் படியைத் தவிர்த்துவிட்டால் வாசகம் நம் சொந்த எண்ணங்களுக்குச் சாக்காகிவிடும் என்று அவரும் எச்சரிக்கிறார்.

நற்செய்தியை மட்டும் பிடித்துக்கொண்டு முதல் வாசகத்தை விட்டுவிடக் கூடாது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 2025 பிப்ரவரி 2, ஆண்டவர் காணிக்கையாக அர்ப்பணிக்கப்பட்ட விழா, ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தது. முதல் வாசகம் மலாக்கி 3: வெள்ளியைப் புடமிடுகிறவர்போல் அவர் அமர்ந்து லேவியின் புதல்வரைத் தூய்மையாக்குவார். துன்பம் நம்மைத் தூய்மையாக்குகிறது என்று சொல்லி எல்லாரும் கடந்துபோகும் பகுதி. பட்டறைக்காரரிடம் கேட்டோம். அவர் ‘அமர்ந்து’ என்ற இடத்தில் நின்றுவிட்டார். உருக்கும் வேலையில் மூசையை (வெள்ளி உருக்கும் கிண்ணத்தை) அடுப்பில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போக முடியாது என்றார். வெங்காரம் போட்டு, நெருப்பைக் கூட்டிக் குறைத்து, கசடு மேலே ஒதுங்குவதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். “வெள்ளிக்கு எவ்வளவு சூடோ, உட்கார்ந்திருக்கறவனுக்கும் அவ்வளவு சூடு” என்றார். உருகிய வெள்ளியில் தன் முகம் தெரிந்ததும் தட்டான் நெருப்பை அணைப்பான் என்று மறையுரைகளில் அடிக்கடி கேட்கும் கதையைச் சொல்லி, அது உண்மையா என்று கல்லூரிப் பெண் கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். “அந்தச் சூட்டுல முகம் பார்க்க யாரும்மா குனிவா? கசடு விலகினா மேல ஒரு தெளிவு பளிச்சுன்னு வரும், அதுதான் கணக்கு.” அழகான கதையைவிட அந்தத் தெளிவு எனக்குப் பிடித்திருந்தது. மேலும் பார்த்தால், புடமிடப்படுகிறவர்கள் லேவியின் புதல்வர்கள், அதாவது பீடத்தில் காணிக்கை ஒப்புக்கொடுக்கும் குருக்கள். நெருப்பு முதலில் அவர்களுக்கு! அன்று எங்கள் வீட்டில் நடந்த கூட்டத்துக்குப் பங்குத்தந்தையும் வந்திருந்ததால் இதை உரக்கச் சொல்ல எவருக்கும் துணிவு வரவில்லை. சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “சொல்லுங்க, எனக்கும் படிக்கத் தெரியும்” என்று அவரே தொடங்கிவைத்தார்.

ஒருவருடைய தொழில் வாசகத்தைத் திறந்துவிடும் என்பதை இப்படிப் பல தடவை பார்த்தாகிவிட்டது. அதே தொழில் வாசகத்தை மூடிவிடுவதும் உண்டு. திராட்சைத் தோட்ட உவமையின்போதே ஒருவர் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குப் போய், தம் பழைய முதலாளியிடம் போய், வழக்கு மன்றம்வரை போய்விட்டார். திரும்பக் கூட்டிவர நேரமாயிற்று. இதற்கு எங்களிடம் உள்ள ஒரே மருந்து, எந்த வசனத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள் அண்ணா என்று மரியாதையாகக் கேட்பது. காட்ட வசனம் இருந்தால் தொடரலாம். வாட்ஸ்அப்பில் வரும் ஆயத்த மறையுரைகளைக் கூட்டத்தில் வாசித்துக்காட்டும் பழக்கத்தையும் இதே கேள்விதான் குறைத்தது.

சில வாரங்கள் சலிப்பாகவே இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024இல் ஜூலை 28 முதல் ஆகஸ்டு 25 வரை ஐந்து ஞாயிறுகளும், இயேசு அப்பங்களால் கூட்டத்துக்கு உணவளித்ததில் தொடங்கி அப்பத்தைப் பற்றியே பேசும் யோவான் 6ஆம் அதிகாரம். மூன்றாவது வாரத்தில், மறுபடியும் அப்பமா என்று ஒருவர் கேட்டே விட்டார். அந்த அதிகாரத்தில் கூட்டமும் அப்படித்தான் முணுமுணுக்கிறது, கடைசியில் சீடர் பலர் விலகிப்போகிறார்கள் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் வாரத்தில் எலிசா இருபது வாற்கோதுமை அப்பங்களால் நூறு பேருக்கு உணவளித்த பகுதி, அரசர்கள் இரண்டாம் நூலிலிருந்து வந்தது. நான்கு நற்செய்தியாளர்களில் யோவான் மட்டுமே அப்பங்கள் வாற்கோதுமையால் ஆனவை என்று குறிப்பிடுவதை அதனருகில் வைத்துப் பார்த்தால், இரண்டையும் சேர்த்தவர்கள் எதை மனத்தில் வைத்துச் சேர்த்தார்கள் என்பது புரிந்தது. இப்படி ஒன்றிரண்டு கிடைத்தால் அந்த வாரத்துக்கு அது போதும். ஒவ்வொரு வாரமும் உள்ளம் உருக வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள்தான் விரைவில் வருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

விடை கிடைக்காமல் எழுந்துவிட்ட வாரங்களும் உண்டு. 2025 செப்டம்பர் 21க்கான வாசகங்களில் ஆமோஸ் 8 எங்களை வெட்டென்று பிடித்தது. ஓய்வுநாள் எப்போது முடியும், கோதுமையை விற்கலாம், மரக்காலைச் சிறிதாக்கலாம், கள்ளத் தராசால் ஏய்க்கலாம் என்று அங்கே வணிகர்கள் காத்திருக்கிறார்கள். அவர்கள் ஓய்வுநாளை மீறவில்லை, ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கடைப்பிடிக்கிறார்கள். மண்டியில் கணக்கு எழுதும் ஒருவர், இதைத் தம் கடைக்காரரிடம் வாசித்துக்காட்ட முடியுமா என்று யோசித்துவிட்டு, வேலை போய்விடும் என்று தாமே முடிவு சொல்லிக்கொண்டார். ஆனால் நற்செய்திக்கு, லூக்கா 16இன் முறைகேடான வீட்டுப் பொறுப்பாளரிடம், வந்தபோது மாட்டிக்கொண்டோம். நூறு குடம் எண்ணெய்க் கடனை ஐம்பது என்றும், நூறு மூடைக் கோதுமையை எண்பது என்றும் மாற்றி எழுதச் சொல்கிறவரைத் தலைவர் ஏன் பாராட்டுகிறார்? கணக்கு நோட்டு எழுதியே காலத்தைக் கழித்த எனக்கு இது தாங்கவில்லை. தம் தரகுப் பங்கைத்தான் விட்டுக்கொடுத்தார் என்று சில விளக்கவுரைகள் சொல்வதாகப் பங்குத்தந்தை கூறினார். வட்டியைத் தள்ளினார் என்பதும் ஒரு விளக்கம். எந்த வசனத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள் சாமி என்று பட்டறைக்காரர் கேட்டார். வசனம் இல்லை என்று அவரும் ஒப்புக்கொண்டார். செவிலியர் மட்டும், கடன்பட்டவர்கள் இரண்டு பேரும் அன்றிரவு வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்கள் என்று கேட்டார். அதற்கும் எங்களிடம் பதில் இல்லை. நோட்டில் அந்த ஞாயிறுக்கு நேராக இரண்டு கேள்விகளையும் எழுதி வைத்திருக்கிறோம். மூன்றாம் ஆண்டு அடுத்து வருவது 2028இல். அதற்குள் யாருக்காவது ஏதாவது தென்பட்டால் பக்கத்திலேயே எழுதுவதற்கு அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன்.